வெளிச்சத்துக்குத் திருப்பிய முகம்

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பனிப் பெயர்கூட இல்லாத டப்பிகளில் வெள்ளையாக்கும் கிரீமை நான் விற்றேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அதைப் பூசிய ஒரு பிள்ளையின் முகம் கெட்டது. பிறகு உடம்பும் கெட்டது. எரியுது என்று அவள் போன் எடுத்தபோது, நிறுத்தாதே என்று சொன்னேன்.

இதோடு முடிந்தால் இது ஒரு வியாபாரக் குற்றம். பாவனையாளர் அதிகார சபைக்காரர் வந்து, நான் தண்டப்பணம் கட்டி, விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த டப்பி என் கைக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே என் வாயில் ஒரு பேச்சு இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று என்னைப் பற்றி எனக்கே நான் சொல்லும் பேச்சு. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நீங்கள் பாதி வழக்கைத்தான் கேட்டிருப்பீர்கள்.

நான் மட்டக்களப்பில் பொம்பிளை சோடிக்கிற தொழில் செய்கிறவள். கல்லடிப் பக்கம் சின்னதாக ஒரு பார்லர். அப்பா தோணிக்காரர். வாவியில் வீச்சு வலை போட்டு எங்களை வளர்த்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றில் வெயிலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. மேலேயிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அப்பா நல்ல கறுப்பு. நான் அப்பாவைப் போல. தங்கச்சி அம்மாவைப் போலப் பொதுநிறம். வீட்டுக்கு வருகிற மாமிமார் தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார்கள். என்னைப் பார்த்து, "மூத்தவளுக்குச் சீதனம் கூடக் குடுக்க வேண்டி வரும்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். எனக்கு வீடு மட்டும் காணாது, வளவும் சேர்த்து எழுத வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். நான் அங்கேயே, திண்ணையில் இருந்தேன்.

இது காரணம். இதை வைத்து நான் தப்பிக்க வரவில்லை. அதே திண்ணையில் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பெண்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்கிறார்கள்.

எனக்கு நடந்தது இதுதான். மாமிமார் சொல்வதை நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை. காலையில் பல் தீட்டும்போதே தொடங்கும். "கரிச்சட்டி, உன்ர மூஞ்சியப் பாரு." தலை இழுக்கும்போது, "எதைப் போட்டாலும் உனக்கு எடுபடாது." உடுப்பு மாற்றும்போது வயிற்றைப் பிடித்து, "இதென்ன இது." குரலை எழுப்ப மாட்டேன். உதடு மட்டும் அசையும். அது கூடாத பழக்கம் என்றே எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். தன் குறையைத் தானே அறிந்தவள் என்று அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனை வீடுகளில் அழ ஆளில்லாமல் போனது என்பதை இங்கே நான் சொல்லி யாரும் அறிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பெண்களுக்குத் தொழில் பழக்கிக் கொடுக்கும் திட்டங்கள் பல வந்தன. அப்படி ஒன்றில் நான் அழகுக்கலை படித்தேன். முதல் வகுப்பே குறை திருத்தும் பாடம். வட்ட முகம் என்றால் எங்கே நிழல் போடுவது. அகன்ற மூக்கை எப்படி ஒடுக்குவது. கறுப்பு நிறத்துக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். வகுப்பில் நான்தான் முதலாவது. மற்றப் பெண்கள் ஒரு முகத்தைப் பார்த்ததும் குறை கண்டுபிடிக்கப் பழக வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. இத்தனை வருடம் என்னைத் தின்ற கண் அங்கே எனக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தது. அதே கண்ணால் உழைக்கத் தொடங்கினேன்.

கிரீம் பிறகுதான் வந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வரும் பெண்களின் பெட்டிகளில் வந்தது. பிறகு கொண்டுவந்து போடவே ஆட்கள் இருந்தார்கள். பெரிய போத்தலில் எடுத்து, சின்ன டப்பிகளில் நிரப்பி விற்பேன். முதலில் எனக்கே பூசிப் பார்த்தேன். சில கிழமைகளில் முகம் வெளுத்தது. கடைத்தெருவில் கண்டவர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். பிறகு வெயிலில் நின்றால் கன்னம் எரியத் தொடங்கியது. தாடையோரம் மயிர் முளைத்தது. நான் பூசுவதை நிறுத்தினேன்.

விற்பதை நிறுத்தவில்லை.

இந்த இரண்டு வசனங்களையும் நான் பல வருடம் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. என் தோல் மோசமான தோல், அதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மருந்தில் பிழை இல்லை, என்னில்தான் பிழை. எதற்கும் என்னையே திட்டிப் பழகியதால், திட்ட வேண்டிய இடத்தை நான் தவறவிட்டேன்.

வெளியே வேறு குரல்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 2009இல் 'விமன் ஒஃப் வோர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பிறகு நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமாக நின்றார். அவருடைய படத்தைப் போனில் காட்டிய வாடிக்கையாளரிடம், "நடிகைக்கு இதெல்லாம் லேசு" என்று சொல்லி நூலை எடுத்துப் புருவத்துக்குப் போனேன். இந்தியாவில் 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி', 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அன்று நானும் என் விலைப்பட்டியலில் 'வெண்மை' என்பதை வெட்டிவிட்டு 'பளபளப்பு' என்று எழுதினேன். டப்பிக்குள் இருந்தது பழையதுதான்.

இனி 2022.

நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசை. வந்த சாமான் எல்லாம் விலை ஏறிக் கிடந்தது. நல்ல கம்பனிப் பொருட்கள் கைக்கு எட்டவில்லை. பெயரில்லாத டப்பிகளுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக விற்றேன் என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் இரங்கவும் கூடும். அது பொய். சோடிப்பு வேலை குறைந்தாலும் சாப்பாட்டுக்கு எனக்கு வழி இருந்தது. "அந்த அக்காட்டப் போனா வெள்ளையாக்கித் தருவா" என்ற பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் வாவியின் மறுகரையான படுவான்கரைப் பிள்ளை. வயலும் மாடும் உள்ள குடும்பம். முன்பெல்லாம் அந்தக் கரையில் இருந்து வருவதென்றால் மண்முனையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் படகுக்குக் காத்திருக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் நேரே வந்துவிடுவார்கள். அன்று தகப்பன் வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோலில் தாயையும் மகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்றார். அவர்கள் வந்தது கூறைச் சேலைக்கு எந்த நிறத்தில் சட்டை தைப்பது என்று கேட்க. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாளாம். பிள்ளைகள் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கதைத்துக்கொண்டே கதிரையில் இருந்தாள்.

நான் அவளுடைய தாடையைப் பிடித்தேன். பெருவிரலும் சுட்டுவிரலுமாக. முகத்தை டியூப் லைட் பக்கம் திருப்பினேன். இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். நாக்கால் ஒரு சத்தம் போட்டேன். "வெயில் குடிச்சிருக்கு" என்றேன்.

அவ்வளவுதான் செய்தேன். அதற்குப் பிறகுதான் தாய் தயங்கித் தயங்கி வாய் திறந்தார். "மாப்பிள்ளை வீட்டார் ஒண்டும் சொல்லல்ல, தங்கச்சி. எண்டாலும் கொஞ்சம் வெளுக்கப் பண்ண ஏலுமா?" அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தது நான்தான். "மூணு மாசம் இருக்குத்தானே. பாத்துக்கொள்ளுவம்" என்றேன்.

பிள்ளை கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. முன்பள்ளிக் கதையும் நின்றுவிட்டது. நான் அதைக் கண்டேன். கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. திண்ணையில் இருந்த பிள்ளையின் பார்வை. கண்டுகொண்டே அலுமாரியைத் திறந்து டப்பியை எடுத்தேன்.

முதல் மாதம் அவளுக்கும் வெளுத்தது. தாய் போன் எடுத்து நன்றி சொன்னார். இரண்டாம் மாதம் அவளே எடுத்தாள். "அக்கா, அடுப்படியில நிக்க ஏலாம இருக்கு. எரியுது. தோல் உரியுது." நான், "அது உள்ளுக்குள்ள இருக்கிற கழிவு வெளியேறுது மனே. இப்ப விட்டாக் கறுத்துப் போடும். விடாமப் பூசுங்க" என்றேன். சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மனே' என்று கூப்பிட்டேன். என் முகம் எரிந்தபோது நான் என்ன செய்தேன் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துகொண்டே சொன்னேன். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று பயம். பிழை என்று ஒத்துக்கொண்டால் ஊரெல்லாம் கதை போகும். மற்றது ஆசை. அந்தக் கலியாணப் படங்கள் எனக்கு வேண்டும்.

கலியாணத்தன்று பவுண்டேஷனை மூன்று பூச்சுப் பூசி அந்தக் கன்னத்தை மறைத்தேன். என் கை படும்போதெல்லாம் அவள் கதிரையின் கைப்பிடியை இறுக்கினாள். மணவறையில் புகைக்கும் வெக்கைக்கும் முன்னால் முகூர்த்தம் முடியும்வரை இருந்தாள். சனம், "பொம்பிளை என்ன வெள்ளை" என்றது. நான் படங்களை இன்னும் வெளுக்க வைத்துப் பேஸ்புக்கில் போட்டேன். இரவு வெகுநேரம் விழித்திருந்து யார் யார் புகழ்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

சில கிழமைக்குப் பிறகு அவளுக்குக் கால் வீங்கியது. காலையில் கண் இமையும் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். தோல் டொக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன கிரீம் பூசினீங்க?" பின்னர் நானும் அந்த டொக்டரிடம் போய் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்படியான கலவைகளில் இரண்டு சாமான் இருக்கலாம். ஒன்று வலுவான ஸ்டீரொய்ட். சீக்கிரமாக வெளுக்க வைக்கும், பிறகு தோலை மெலிய வைக்கும், உள்ளே இருக்கும் சின்ன இரத்தக் குழாயெல்லாம் சிவப்புக் கோடாக வெளியே தெரியும், மயிர் முளைக்கும். மற்றது பாதரசம். தோலின் நிறத்தை உண்டாக்கும் வேலையை அது தடுக்கிறது. தடுத்துவிட்டு அங்கேயே நிற்காது. தோல் வழியாக இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். பூசியவரோடும் நிற்காது. துவாயில், தலையணை உறையில், தூக்கிக் கொஞ்சும் பிள்ளையின் தோலில் ஏறும்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். நிறத்தைச் செய்யும் செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதானாம். அவை செய்யும் மெலனின் பொட்டலங்களின் பருமனும் பரவலும்தான் வித்தியாசம். அந்த மெலனின்தான் வெயிலில் இருந்து தோலைக் காக்கிறது. இத்தனை வருடம் தோல் தொழில் செய்தவள் நான். இதை யாரிடமும் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளையின் வீக்கம் வற்ற மாதக் கணக்காகியது. கன்னத்துச் சிவப்புக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. "மிஸ், முகத்தில என்ன?" என்று குழந்தைகள் கேட்டதால் முன்பள்ளி வேலையை விட்டாள். பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். அதற்குப் புகுந்த வீட்டில் அவள் கேட்ட பேச்சுக்கும் நான்தான் பொறுப்பு.

ஒருநாள் போய் அவள் முன்னால் நின்றேன். கிரீமைப் பற்றித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "அக்கா, கிரீம் எரிஞ்சது பிறகு. அண்டைக்கு என்ர தாடையப் பிடிச்சு லைட்டுக்குத் திருப்பினீங்களே, அதுவரைக்கும் நான் என்ர முகத்தப் பத்தி யோசிச்சதே இல்ல. இப்ப யோசிக்காத நாள் இல்ல" என்றாள். காலையில் கண்ணாடி முன்னால் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறாள் என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அதில் பாதி என் வார்த்தைகள்.

வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தாள். என் மகள். பாடசாலையில் வலைப்பந்து விளையாடுவாள். எறிந்தால் வளையத்துக்குள்தான் விழும். அலுமாரிக் கதவின் உட்பக்கம் தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பேப்பரில் வெட்டி ஒட்டியிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம், இலங்கை 2009, 2018, 2022 ஆகிய மூன்று தடவையும் ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்தவர். அப்படியான ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து நான் சொன்னது: "அவவும் கறுப்புத்தான், ஆனா அவவுக்கு உயரமாவது இருக்கு." மகள் ஒன்றும் பேசவில்லை. அதற்கு முன்பே நூறு விதமாக நான் சொல்லியிருந்தேன். வெயிலில நிக்காத. தொப்பி போடு. கறுத்துப்போய் வந்து நில்லு, பாப்பம். 2022 செப்டெம்பரில் சிங்கப்பூரில் இலங்கை வென்ற செய்தி வந்தபோது மகள் வலைப்பந்தை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. வெயிலில் நிற்காதது நல்லது என்று நினைத்தேன்.

ஒருநாள் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. முழங்கையில் தேசிக்காயும் சீனியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. குரல் இல்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை. என்னோடு நானே கதைக்கிறேன், அது யாருக்கும் கேட்காது என்று நம்பியிருந்தேன். பிறந்ததில் இருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போனேன். எனக்காக என்று சொல்லக் கூச்சப்பட்டு, மகளுக்காக என்று சொல்லிப் போனேன். ஒரு கிழமை முழுக்க எனக்கு நானே சொல்லும் வசனங்களைக் கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதினேன். வாசித்துவிட்டு, "இதை வேறொரு பெண்ணைப் பார்த்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்களாம். நான், சொல்லியிருக்கிறேன் என்றேன். காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி முன்னால் நின்று 'நான் அழகு' என்று சொல்லிப் பார்த்தேன். வாய் சொன்னது. உள்ளே இருந்து உடனே மறுப்பு வந்தது, முன்னையவிடப் பலமாக. இது எனக்கு மட்டும் வந்த கோளாறு என்று நினைத்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி உளவளத்துணையாளர் சொன்னார். தன்னைப் பற்றிய மதிப்புக் குறைந்தவர்களிடம், தாங்கள் அன்புக்குரியவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்களின் மனநிலை கீழே இருந்தது. நம்பாததைச் சொல்லச் சொன்னால் உள்ளே இருக்கும் எதிர்வாதி எழும்பிவிடுவான்.

எனக்கு உதவியது புகழ்ச்சி இல்லாத பேச்சு. இது என் முழங்கை. இதில் தோல் தடித்திருக்கிறது. எண்ணெய் பூசுகிறேன். அவ்வளவில் நிறுத்திப் பழகினேன். 'கரிச்சட்டி' என்று வாய் தொடங்கும்போது, இது மாமியின் குரல் என்று மட்டும் குறித்துக்கொள்வேன். அதோடு வாதாட மாட்டேன். மெதுவாக, மிக மெதுவாக, அது குறைந்தது. முற்றாகப் போகவில்லை. கலியாண வீடுகளுக்குப் போய்வந்த இரவுகளில் இன்றைக்கும் வரும்.

இதில் ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்தது. இவ்வளவு கெடுதல் செய்தவள் தன்மேல் இரக்கப்படலாமா? அது தப்பிக்கும் வழி இல்லையா? தன்மீதான இரக்கத்தை 2003இல் ஆய்வுக்குரிய ஒன்றாக வரையறுத்துக் கொடுத்தவர் கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர். தன் பிழையை நேரே பார்ப்பதும் அதற்குள் அடங்கும் என்கிறார். என் அனுபவத்தில் அது சரி. என்னைத் திட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் எந்தப் பிழையையும் ஒத்துக்கொண்டதில்லை. என் தோலின்மேல் நான் வைத்த குற்றச்சாட்டுகள் எல்லாம் பொய். என் செயலின்மேல் வைக்க வேண்டியவை மெய். பொய்யை விட்ட பிறகுதான் மெய்யைப் பார்க்கத் தைரியம் வந்தது.

பார்த்ததில் ஒன்றை இங்கே எழுத வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று இரவு, என்னிடம் மிஞ்சியிருந்த போத்தலையும் டப்பிகளையும் ஒரு பையில் கட்டி ஆற்றில் எறிந்தேன். அப்பா வலை போட்ட ஆறு. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் குடாவில் விட்டது. அங்கே மீன் தின்ற சனத்துக்கு நோய் வந்தது 1956இல் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரில்தான் 2013இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கை கையெழுத்தானது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குப் பிறகு செய்யவோ கொண்டுவரவோ கூடாது என்பது அதன் அப்போதைய விதி. பையை எறிந்தபோது இவை எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று எறிந்திருப்பேன். பயம் அப்படி.

இப்போது கிரீம் விற்பதில்லை. பவுண்டேஷனைத் தாடையோரம் தொட்டு, வாசலுக்குக் கூட்டிப்போய் வெயில் வெளிச்சத்தில் பார்த்து, அவரவர் தோலோடு சேருகிறதைத்தான் போடுகிறேன். கறுப்புத் தோலுக்குச் சேரும் நிறங்கள் மட்டக்களப்புக் கடைகளில் இலேசில் கிடையாது. கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வெள்ளையா" என்று கேட்டு, நான் மறுத்ததும் வேறு இடத்துக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும். யாருடைய தாடையையும் கேட்காமல் தொடுவதில்லை.

ஆனால் வாய் இன்னும் முழுக்கத் திருந்தவில்லை. அண்மையில் ஒரு அம்மா வந்தார். "மெலிஞ்சு வடிவா இருக்கீங்க" என்றேன். மகனைப் பறிகொடுத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

மகள் மறுபடி வலைப்பந்துக்குப் போகவில்லை. அந்த வயது போய்விட்டது. நான் கேட்டேன். "இப்ப என்னத்துக்கம்மா" என்றாள்.

இதை எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "எழுதுங்க. மன்னிச்சிட்டேன் எண்டு மட்டும் எழுதாதீங்க" என்றாள். எழுதவில்லை. அவள் மன்னிக்கவில்லை. இன்னொன்றும் கேட்டாள். தன்னைப் போல ஆக்கள் வாசித்தால் உதவும்படி, எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதுகிறேன். டப்பியில் செய்தவர் பெயரும், உள்ளே கலந்தவற்றின் பட்டியலும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பட்டியலில் கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ என்று இருந்தால் அது பாதரசம். தங்கம், வெள்ளி, நகை எதிலும் படக்கூடாது என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். இப்படியானதை ஏற்கெனவே பூசுகிறவர்கள் வெட்கப்படாமல் உடனே டொக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். ஸ்டீரொய்ட் பழகிய தோல் சட்டென்று விட்டால் பொங்கும். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது டப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். அதை ஆய்வுக்கு அனுப்பினால்தான் உள்ளே என்ன இருந்தது என்று தெரியும்.

அவளுடைய டொக்டருக்கு அது கடைசிவரை தெரியவில்லை. டப்பியைக் கொண்டுவாருங்கள் என்று அவர் கேட்ட அன்று அவள் எனக்குத்தான் போன் எடுத்தாள். அதை எறிந்துவிடச் சொன்னேன். அதன் மூடியில் விலையையும் அவள் பெயரையும் நான் பேனையால் எழுதியிருந்தேன். அது என் கையெழுத்து.